ஞாயிறு எழும் பக்கம்

சிலப்பதிகாரம் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றித் தொடங்குகின்றது. அவ்வாழ்த்திலே ஞாயிறு பொற்சிகர மேருவை வலமாகச் சுற்றி வருவதாக ஒரு கருத்து வரும். சென்ற ஆண்டு ஆவணி மாதக் கடைசியில் பத்தாம் வகுப்பு மாணாக்கருக்கு நாம் அதனை விளக்கிக்கொண்டிருந்தோம். உலகம் வட்டத் தட்டுப் போன்றது, அதன் நடுவே மேரு நிற்கின்றது, ஞாயிறு தட்டின் மேலே அம்மலையைச் சுற்றுகின்றது, மலை மறைக்கும்பொழுது இரவு ஆகின்றது என்னும் புராண மரபைக் கரும்பலகையில் வரைந்து காட்டினோம். பழையோர் அவ்வாறு எண்ணினர் என்று சொல்லி அடுத்த அடிக்குச் செல்ல முற்பட்டபொழுது, பின்வாங்கிலிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“சேர், அப்ப இளங்கோவடிகள் சொன்னது சரிதானே? உலகம் தட்டை எண்டு இப்பவும் சொல்லுகினம். நான் வீடியோவில பார்த்தனான். நீங்கள் கீறின மாதிரியேதான், சூரியன் மேல நிண்டு வட்டமாச் சுத்துது.”

நாம் சிரித்துவிட்டோம். ஆசிரியர் சிரித்தால் வகுப்புச் சிரிக்கும். அவன் அமர்ந்தான். அந்த வாரம் முழுவதும் அவன் வாய் திறக்கவில்லை. எழுதச் சொன்னதை எழுதினான், அவ்வளவே. அவன் கடற்றொழிலாளி ஒருவரின் மகன். எமது பாடசாலை வடமராட்சியின் வடகரையை அண்டியது. விடியற்காலையில் தந்தையோடு வலை இழுத்துவிட்டு, மணல் காயாத காலோடு வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலர் அங்கே உள்ளனர். அத்தகைய ஒருவன் தானாக எழுந்து ஒரு கேள்வி கேட்பது மாதத்தில் ஒருமுறை நிகழ்ந்தாலே பெரிது. அதனை நாம் ஒரு சிரிப்பால் அடைத்துவிட்டோம்.

அன்றிரவு எம்மை உறுத்தியது இரக்கம் மட்டுமன்று. உலகம் உருண்டை என்பது எமக்கு எவ்வாறு தெரியும்? இக்கேள்வியை எம்மிடமே கேட்டுப் பார்த்தபொழுது, நாணத்தக்க விடையே கிடைத்தது. பாடநூல் சொல்லிற்று, ஆசிரியர் சொன்னார், பரீட்சையில் எழுதிப் புள்ளி பெற்றோம். விஞ்ஞானத்தைச் சாதாரண தரத்தோடு கைவிட்டுத் தமிழ் படித்துப் பட்டம் பெற்ற எமக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவன் ஒரு காணொளியை நம்பினான். நாம் ஒரு பாடநூலை நம்பினோம். நம்பிய பொருள் வேறு. நம்பிய முறை ஒன்றே. இந்தப் பாடத்துக்கே நம் முன்னோர் ‘பூகோளம்’ என்று பெயரிட்டிருந்தனர். கோளம் என்பது உருண்டை. விடையைப் பாடத்தின் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டபடியால், ஏன் என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை போலும். எமது பாடசாலையின் ஒரே உலக உருண்டை அதிபரின் அலுமாரிக்கு மேலே தூசி படிந்து இருக்கின்றது. மாணாக்கர் கைபட்டால் உடைந்துவிடும் என்று அங்கே வைத்தார்களாம்.

மறுவாரம் மாணவர் மன்றத்துக்கு ஒரு விவாதப் பொருளைக் கொடுத்தோம்: ஞாயிறு எழும் நேரமும் படும் நேரமும் உலகம் தட்டையன்று என்பதை நிறுவுமா? செயற்கைக்கோள் படங்கள் கூடாது, விண்வெளி வீரர் சொன்னதும் கூடாது, எவரும் தம் வீட்டு முற்றத்திலிருந்து அறியக்கூடியதே சான்று என்று விதி வகுத்தோம். ‘நிறுவாது’ என்னும் பக்கத்துக்கு அம்மாணவனை நாமே அழைத்தோம். அவன் தயங்கினான். “சிரிப்பினம் சேர்” என்றான். “சிரித்தவர் நாம்தான் தம்பி, இம்முறை நாம் நடுவர்” என்றோம்.

‘நிறுவும்’ என்ற பக்கத்தார் நன்றாகவே தேடி வந்திருந்தனர். மட்டக்களப்பில் ஞாயிறு கொழும்பிலும் பார்க்க ஏறத்தாழ 7 நிமிடம் முந்தி எழுகின்றது. யாழ்ப்பாணத்தில் ஆனி மாதத்து நெடும்பகல் 12 மணி 41 நிமிடம், மார்கழிக் குறும்பகல் 11 மணி 33 நிமிடம். தெற்கே தெய்வேந்திரமுனையில் இந்த வேறுபாடு இன்னும் சுருங்குகின்றது. இலண்டனில் ஆனியிலே பகல் பதினாறரை மணிக்கு மேல், மார்கழியிலே எட்டு மணிக்கும் குறைவு. சிட்னியிலோ எல்லாம் தலைகீழ். மார்கழியிலே 14 மணி 25 நிமிடப் பகல். இத்தனையும் உருண்டையில் அல்லாது வேறெதில் நிகழும் என்று முடித்தனர்.

அவன் ஒரு பித்தளைத் தாம்பாளமும் ரோச் லைற்றும் கொண்டு வந்தான். யன்னல்களைச் சாத்தச் சொன்னான். தாம்பாளத்தின் நடுவை வடமுனை என்றான். ரோச்சை மேலே பிடித்து வட்டமாகச் சுற்றினான். ஒளி பட்ட இடம் பகல், படாத இடம் இரவு. கிழக்கில் உள்ளவருக்கு முந்தியும் மேற்கில் உள்ளவருக்குப் பிந்தியும் விடிந்தது. ஆனியிலே வட்டத்தைச் சுருக்கினான், இலண்டனுக்கு நெடும்பகல். மார்கழியிலே வட்டத்தை விளிம்பை நோக்கி விரித்தான், சிட்னிக்கு நெடும்பகல். “இவை வாசிச்ச நேரமெல்லாம் என்ர தட்டிலயும் வருது. பிறகு அந்த நேரம் எதை நிறுவுது?” என்று கேட்டு நின்றான்.

மண்டபம் அதிர்ந்தது. எதிர்த்தரப்பார் ஒருவரை ஒருவர் பார்த்தனர். நாம் அவனுக்கே வெற்றி கொடுத்தோம். விஞ்ஞான ஆசிரியர் அன்று மாலை எம்மோடு சிறிது கோபமாகவே பேசினார். ஒரு பாடசாலையில் உலகம் தட்டை என்னும் கட்சி வென்றதாகத் தீர்ப்புச் சொல்லலாமா என்றார். ஆயினும் அரங்கில் பேசப்பட்ட அளவுக்கு அவன் கூறியது சரியே. நேர அட்டவணை ஒரு பூட்டு. அதற்குள் எத்தனை திறப்புகள் புகும் என்பதை எவரும் அன்று சோதித்துப் பார்க்கவில்லை.

தட்டை உலகக் கொள்கையின் வரலாற்றை நாம் அதன் பின்னர்தான் தேடிப் படித்தோம். அக்கொள்கைக்கு இக்காலத்தில் உயிர் கொடுத்தவர் இங்கிலாந்தில் 1849ஆம் ஆண்டு ‘பரலாக்ஸ்’ என்னும் புனைபெயரில் நூல் வெளியிட்ட சாமுவேல் ரோபொதம். எமக்கு வியப்பளித்த செய்தி, அவர் அதற்கு முன் ரொபர்ட் ஓவனின் கூட்டுவாழ்வுக் கொள்கையைப் பின்பற்றிய மனியா ஃபென் குடியிருப்பில் செயலாளராக இருந்தவர் என்பதாகும். சமத்துவம் தேடிய இடத்திலிருந்தே இவரும் புறப்பட்டார். ஊர் ஊராகச் சென்று உழைக்கும் மக்கள் முன் பேசினார். கற்றவர் சொல்வதை நம்பாதீர், உம் கண்ணை நம்புவீர் என்பதே அவர் பேச்சின் சாரம். நெடுங்காலம் கற்றவரால் கீழாக நோக்கப்பட்ட மக்களுக்கு அச்சொல் இனித்ததில் வியப்பென்ன?

1870ஆம் ஆண்டு, டார்வினோடு ஒரே காலத்தில் இயற்கைத் தேர்வைக் கண்டறிந்த அல்பிரட் ரஸல் வொலஸ், இக்கொள்கையினரான ஜோன் ஹம்ப்டன் என்பவரோடு 500 பவுண் பந்தயம் வைத்தார். பெட்போட் கால்வாயின் நேரான ஆறு மைல் நீளத்தில் நீர்ப்பரப்பின் வளைவை அளந்து காட்டினார், வென்றார். ஹம்ப்டன் ஒப்பவில்லை. பல ஆண்டுகள் வொலஸைப் பழித்துக் கடிதங்களும் துண்டுப் பிரசுரங்களும் எழுதி, அவதூறுக்காகச் சிறையும் சென்றார். பந்தயம் சட்டத்தின் முன் செல்லாதென்று பணமும் வொலஸின் கையில் நிற்கவில்லை. பிற்காலத்தில் சோஷலிசத்தை ஏற்றுக்கொண்ட அந்தப் பேரறிஞர், இப்பந்தயத்தில் இறங்கியதற்குத் தம் வாழ்நாளில் மிக வருந்தினார். எதிரியைத் தோற்கடிப்பதற்காக அளக்கும் அளவையை எதிரி ஏற்பதில்லை. அளவுகோலை அவன் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நாம் பார்க்க விரும்பினோம்.

செப்டெம்பர் 22, பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும் நாள். அன்று நண்பகலில் விளையாட்டுத் திடலிலே ஒரு மீற்றர் உயரக் கம்பொன்றைச் செங்குத்தாக நட்டோம். நிழல் ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர். எம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உலகப்படம் சுவரில் இல்லை, உறவில் உண்டு. போர் துரத்திய துரத்தலில் ஒருவருக்கு ரொறன்ரோவில் மாமா, ஒருவருக்கு இலண்டனில் பெரியம்மா, ஒருவருக்கு ஒஸ்லோவில் அண்ணன். அவர்களிடம் கைத்தொலைபேசியில் சொல்லி, அவ்வவ்வூர் நண்பகலில் அதே உயரக் கம்பின் நிழலை அளக்கச் செய்தோம். ரொறன்ரோவில் 95 சென்ரிமீற்றர், இலண்டனில் 1.26 மீற்றர், ஒஸ்லோவில் 1.73 மீற்றர். முழங்காலளவு பனியிலும் வெயிலிலும் தொழிற்சாலைக்கு ஓடும் மக்கள், மதிய உணவு நேரத்தில் கம்பு பிடித்து நின்று படம் எடுத்து அனுப்பினர். அதற்காகவே அந்த அளவைகள் எமக்கு அருமையாயின.

அன்று ஞாயிறு நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கின்றது. தட்டைத் தரையாயின், நடுக்கோட்டிலிருந்து ஊருக்குள்ள தூரத்தையும் நிழலையும் கொண்டு ஞாயிற்றின் உயரத்தைக் கணித்துவிடலாம். பழைய சீனத்திலே தட்டை உலகை எண்ணி இவ்வாறே கணித்தனர். ‘சோபெய்’ என்னும் கணித நூல் அவ்வழியில் ஞாயிற்றின் உயரம் 80,000 லீ என்று சொல்லும். இரண்டு கம்புகளின் நிழல் மட்டும் இருந்தால் இக்கணக்கு இடறாது. தட்டை உலகும் தப்பிக்கொள்ளும். எம்மிடம் நான்கு கம்புகள் இருந்தன. மாணாக்கர் வகுத்தனர். எம் ஊர்க் கம்பின்படி ஞாயிறு ஏறத்தாழ 6,300 கிலோமீற்றர் உயரத்தில் நின்றது, ரொறன்ரோக் கம்பின்படி 5,100, இலண்டன்படி 4,550, ஒஸ்லோப்படி 3,850. ஒரே ஞாயிறு ஒரே நாளில் நான்கு உயரங்களில்! அவன் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தான். “ஒஸ்லோக்காரர் பிழையா அளந்திருப்பினமோ?” என்றான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் 3,850 என்பது 6,300 ஆக வேண்டுமெனில் ஒஸ்லோ நிழல் 1.06 மீற்றராக இருந்திருக்க வேண்டும். அறுபது சென்ரிமீற்றருக்கு மேல் எவரும் பிழைவிடார்.

மாலையிலே இன்னொன்று கண்டோம். அவனுடைய காணொளிக்காரர் கூறும் உயரம் ஏறத்தாழ 5,000 கிலோமீற்றர். அத்தட்டின்படி மாலை ஆறு மணிக்கு ஞாயிறு எம்மிலிருந்து 13,400 கிலோமீற்றர் தொலைவிலே, அடிவானத்துக்கு 20 பாகை மேலே நிற்க வேண்டும். நள்ளிரவிலும்கூட அது 15 பாகைக்குக் கீழே இறங்க இயலாது. ஒரு மீற்றர்க் கம்பின் நிழல் ஆறு மணிக்கு 2.7 மீற்றரைத் தாண்டலாகாது. நாம் நட்ட கம்பின் நிழலோ ஐந்தரை மணிக்கே திடலைக் குறுக்கே கடந்து வேலியில் ஏறிவிட்டது. நிழல் முனையிலே காலைமுதல் அடித்து வந்த முளைகள் கிழக்கு மேற்காக ஒரு நேர்கோட்டில் நின்றன. தட்டின்மேற் சுற்றும் விளக்காயின் அவை வளைந்திருக்க வேண்டும்.

ஆயினும் அவனை நிறுத்தியவை இக்கணக்குகள் அல்ல. அடுத்த நாள் அவன் தன் தட்டை ஒரு பெரிய மட்டையிலே அளவாக வரைந்து கொண்டு வந்தான். ஐக்கிய நாடுகள் சபையின் சின்னத்திலே வடமுனையை நடுவாக வைத்து ஒரு படம் உண்டே, அதைப் போன்றது. மார்கழியிலே எம் ஊரில் விடியும் பொழுது ஞாயிறு அத்தட்டில் எங்கே நிற்கும் என்று குறித்து, எம் ஊரிலிருந்து அப்புள்ளிக்கு நூல் பிடித்தான். நூல் வடகிழக்கே சென்றது. பங்குனிக்குப் பிடித்தான், வடகிழக்கு. ஆனிக்கும் வடகிழக்கு. நடுவிலே வடமுனையும், அதைச் சுற்றி ஞாயிறும் இருக்கும்வரை நூல் வேறெங்கும் செல்லாது. அவன் நூலைக் கீழே வைத்தான்.

“சேர், இது பிழை. ஆனி ஆடியில சூரியன் கடலுக்குள்ளால வரும், கடலுக்குள்ளயே படும். மார்கழியில அப்பிடி வராது. பின்னால பனைக்குள்ளாலதான் வரும். எனக்குச் சின்னனில இருந்தே தெரியும். இந்தத் தட்டில பாத்தா வருசம் முழுக்கக் கடலுக்குள்ளாலதானே வரவேணும்.”

எமது கரை கிழக்கு மேற்காகக் கிடப்பது. கடல் வடக்கே. மார்கழியில் ஞாயிறு கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே விலகி எழுவதால் அது தரைப் பக்கமே. பாயில் படுத்திருந்த எமக்குத் தெரியாத இதை, விடியலில் வள்ளத்தில் இருந்த அவன் பத்து ஆண்டுகளாகப் பார்த்து வந்திருக்கின்றான். நேரத்தை எழுதிய அட்டவணைகளுக்கெல்லாம் விடை சொன்ன தாம்பாளம், திசைக்கு விடை சொல்லவில்லை. நேரங்களும் பின்னர் அவனைக் கைவிட்டன. மார்கழியிலே சிட்னிக்குப் பதினாலரை மணிப் பகல் கொடுக்க அவன் விளக்கு 21,000 கிலோமீற்றருக்கு அப்பாலும் ஒளிர வேண்டும். அதே நாளில் இலண்டனுக்கு எட்டு மணிப் பகலோடு நிறுத்த 11,000 கிலோமீற்றரிலேயே அணைய வேண்டும். அவனே மட்டையில் அளந்து அவனே சொன்னான். அரங்கிலே எதிர்த்தரப்பார் கேட்க மறந்த கேள்வி அது.

இதை வியந்து நாம் நூல்களைப் புரட்டியபொழுது, வியப்பு இரட்டிப்பாயிற்று. 1150ஆம் ஆண்டில் சித்தாந்த சிரோமணி இயற்றிய இரண்டாம் பாஸ்கரர், அதன் கோளாத்தியாயத்திலே புராணக்காரரை நோக்கி இதே கேள்வியைக் கேட்டிருக்கின்றார். உலகம் கண்ணாடிபோற் சமதளமாயின் மேலே சுற்றும் ஞாயிறு எப்பொழுதும் எல்லார்க்கும் தெரியாதது ஏன். மேரு மறைப்பதால் இரவாகின்றதெனில் அந்த மலை நம் கண்ணுக்குப் படாதது ஏன். மேரு வடக்கே இருக்க, ஆண்டிற் பாதி ஞாயிறு தெற்கே விலகி எழுவது எங்ஙனம் என்பது அவர் வாதம். எமது பின்வாங்கில் மாணவன் பாஸ்கரரைப் படித்தவனல்லன். கடலைப் படித்தவன்.

சித்தாந்த வானியலார் அவருக்கு முன்னரே, 499ஆம் ஆண்டின் ஆரியபட்டர் முதலாகவே, உலகை உருண்டையாகக் கொண்டவர்கள். நம் வீடுகளில் ஆணியில் தொங்கும் பஞ்சாங்கமும் அம்மரபினதே. 12 அங்குலச் சங்கு நட்டுச் சமநாள் நண்பகல் நிழலை அளந்து, அதிலிருந்து ஊருக்கு ஊர் உதயம் மாறும் அளவைக் கணிப்பது அதன் முறை; எம் பகுதிக்கு அந்நிழல் ஏறக்குறைய 2 அங்குலம். உருண்டை இன்றி அக்கணக்கு நடவாது. கோயிலிலே மேருவைச் சுற்றும் ஞாயிற்றின் புராணம் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து உருண்டை உலகின் பஞ்சாங்கத்திலே நல்லநேரம் பார்த்தனர் நம் முன்னோர். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதை உரக்கச் சொல்ல ஒருவரும் விரும்பவில்லை. கணக்கு ஒரு சில குடும்பங்களின் ஓலைக்குள் இருந்தது. புராணமே ஊருக்குக் கிடைத்தது. வட்டுக்கோட்டைச் செமினறியில் வானியல் கற்பித்த மிஷனரி டானியல் பூவர், 1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தின் கணிப்பைப் பற்றி அராலிப் பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியாரோடு பிணங்கிய கதை யாழ்ப்பாணத்தில் பேர்போனது. அதை உருண்டை உலகுக்கும் தட்டை உலகுக்கும் நடந்த போராகச் சிலர் சொல்வர். கிரகணத்தைப் பூமியின் நிழலாகக் கணித்தவர்களே இருவரும். பிணக்கு வேறெங்கோ இருந்தது. ஒருவர் தம் மதத்தை நிறுத்த வந்தார், மற்றவர் தம் மரபைக் காக்க நின்றார், வலை இழுத்தவனிடம் ஞாயிறு எப்பக்கம் எழுகின்றதென்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மார்கழி வந்தது. வடகீழ்ப் பருவமழை ஒரு வாரம் வானத்தை மூடி வைத்தது. நான்கு நாள் விடியற்காலையில் நாமும் அவனும் வேறு சில மாணாக்கரும் குடையோடு கரைக்குச் சென்று திரும்பினோம். ஐந்தாம் நாள், திருவெம்பாவைச் சங்கொலி ஓய்ந்து சிறிது நேரத்தில் முகில் விலகியது. கடல் கருநீலமாகவே கிடந்தது. எமக்குப் பின்னே, வலப்புறத்துப் பனங்கூடலின் அடிமரங்கள் முதலிற் சிவந்தன. வகுப்பு மாணவி ஒருத்தியின் சித்தி சிட்னியிலிருந்து அனுப்பிய படம் முந்திய நாளே வந்துவிட்டது. அங்கும் ஞாயிறு கிழக்குக்குத் தெற்கே 29 பாகை விலகியே எழுந்திருந்தது. தட்டின்படி வடக்கை அண்டி எழுந்திருக்க வேண்டியது.

அவன் கையிலிருந்த கொப்பியில் நாளையும் நேரத்தையும் எழுதினான். நாம் பாராட்டலாம் என்று வாயெடுத்தோம். அதற்குள் அவன் கேட்டான்.

“சேர், உலகம் உருண்டைதான். ஆனா உருண்டையா இருந்தாலும் சூரியன்தானே சுத்தலாம்? பாஸ்கரரும் அப்பிடித்தானே சொன்னவர் எண்டு சொன்னீங்கள். நாங்கள்தான் சுத்திறம் எண்டதை இந்தக் கரையில நிண்டு என்னெண்டு கண்டுபிடிக்கிறது?”

பின்னே நின்ற ஒருவன் சிரித்தான். இம்முறை நாம் சிரிக்கவில்லை. எமக்குத் தெரியாது என்று சொன்னோம். தவணை தொடங்கியதும் விஞ்ஞான ஆசிரியரிடம் மூவருமாகச் சென்று கேட்பதென்று முடிவாயிற்று. மழை மறுபடியும் தூறத் தொடங்கவே, குடையை விரித்துக்கொண்டு கரையேறினோம்.